மன்னார் இறால்

சண்டை முடிந்த மறுவருடம், பேசாலையில் சீமோன் மறுபடியும் கடலுக்கு இறங்கினான். அவன் போட்ட நண்டு வலை முழுவதும் அவனுடைய அக்கா எமில்டா ரொறன்ரோவில் மீன் வெட்டி உழைத்து வாங்கிக் கொடுத்தது. அங்கே வோபர்ன் பகுதியில் ஸ்ரீஸ்கந்தராசாவின் மீன்கடையில் ஏழு வருடமாக அவளுக்கு வேலை.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கடை வாசலில் தம்பியின் போன்கோல் வந்தது.

"அக்கா, வலை முழுக்கப் போச்சுது."

"காத்தோ?"

"காத்தெண்டால் ஆறியிருப்பன். றோலர், இழுவைப் படகு. அக்கரையிலை, இந்தியாவிலையிருந்து நூறுக்கு மேல வந்து, மடிவலையைக் கடலடியில போட்டு இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள். வலை, மீன்குஞ்சு, பாசி, ஒண்டும் மிச்சமில்லை."

"நேவி எங்க போனது?"

"பாத்துக்கொண்டு நிண்டது. இவ்வளவு வருசமும் எங்களைக் கடலுக்க விடேல்லை. இப்ப அவங்களை விடுகினம்."

அவளுக்குக் காது சுட்டது. உள்ளே போனாள். ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியில் புது அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தார்: 'மன்னார்க் கடல் இறால்'. கீழே அடுக்கியிருந்த பெட்டிகளில் இந்தியா என்று அச்சடித்திருந்தது.

"பிள்ளை, ஆரும் கேட்டா எங்கட ஊர் இறால் எண்டு சொல்லும். நீர் மன்னார் ஆள், சனம் நம்பும்."

போன வருடம் இதே மனிதர்தான் சண்டையை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிற்றி அவெனியூவில் நடந்த ஆர்ப்பாட்டத்தில், தொண்டை கட்டும்வரை, எங்கள் மண், எங்கள் கடல் என்று கத்தியவர். பக்கத்தில் எமில்டாவும் நின்று கத்தினாள்.

பத்து மணிக்கு வரிசை சேர்ந்தது. முதலில் ரகுநாதன். இராமநாதபுரத்துக்காரன், கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமை தவறாமல் வருவான்.

"அக்கா, இது நெசமாவே மன்னார் இறாலா?"

"ஓம். உங்கட ஊர் றோலர் எங்கட கடலில வாரினது. என்ர தம்பியின்ர வலையையும் சேத்து."

அவன் முகம் சிவந்தது.

"தப்புதான்க்கா. ஆனா எங்க பக்கம் கடல்ல ஒண்ணுமே இல்ல, சுரண்டித் தீத்தாச்சு. படகு முதலாளி போகச் சொன்னா கூலிக்காரன் என்ன செய்வான்? இலங்கை நேவி அடிச்சு எங்க சித்தப்பாவுக்குக் கை ஒடிஞ்சிருச்சு."

தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்கு ஓடியபோது நடுக்கடல் மணல்திட்டில் தவித்த எமில்டாவையும் சீமோனையும் வள்ளத்தில் ஏற்றி, தன் சோற்றுக் கஞ்சியைக் கொடுத்தவன் இராமேஸ்வரத்து மீனவன் ஒருவன். அவன் முகம் அந்த நேரத்திலா நினைவுக்கு வரவேண்டும்? அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அந்நியன் என்றால் வாய் நிறையத் திட்டித் தீர்த்திருப்பாள்.

"உங்கட சித்தப்பாவை அடிச்சது அநியாயம். எங்கையும் சொல்லுவன். அதுக்காக எங்கட வலையை அறுக்கலாமோ? உங்கட கடலைத் திண்டு முடிச்சாச்சு, இப்ப எங்கடை. இதுவும் முடிஞ்சா பிறகு எங்க போவியள்?"



"கஸ்ரமரிட்டை என்ன கதை உது? உள்ள போம்!" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

எமில்டா போகவில்லை. கண்ணாடியில் இருந்த அறிவித்தலைக் கிழித்தாள்.

"எங்கட கடல் எண்டு ரோட்டில நிண்டு கத்தினீங்கள் அண்ணை. அதைத்தானே இப்ப பெட்டியில அடைச்சு விக்கிறியள்?"

"வியாபாரம் வேற, உது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

ஏப்ரனைக் கழற்றித் தராசின் மேல் எறிந்துவிட்டு வெளியே வந்தாள். ரகுநாதனும் வெறுங்கையோடு வெளியேறினான். மற்றவர்கள் ஒரு அடி முன்னுக்கு நகர்ந்து நின்றார்கள். மத்தியானத்துக்குள் இறால் முழுவதும் விற்றுப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

இப்போது ஒஷாவா நகரில் காளான் பொதிசெய்கிறாள். சீமோன் கடன்பட்டுப் பாதி வலை வாங்கினான். கிழமையில் மூன்று நாள் றோலர் வரும்; அது வராத நாட்களில் மட்டும் கடலுக்குப் போகிறான்.

"இண்டைக்குப் போகேல்லையோ?" என்று அவள் கோலில் கேட்பாள்.

"இண்டைக்கு அவங்கட நாள் அக்கா."