அக்டோபர் பக்கத்தில் ஒரு நாய்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, அதை மறைப்பானேன். வேலூரில் ஒரு சபைக் காலண்டரைப் புரட்டினேன். பன்னிரண்டு மாதமும் சுவிட்சர்லாந்து. பனிமலை, ட்யூலிப் பூ, கீழே தமிழில் வேதவசனம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஊரில் இதென்ன கூத்து! என் கோபத்தை ஹெப்சி என்ற அறிவியல் டீச்சரிடம் கொடுத்து, அவளை 1997இல் கொண்டுபோய் விட்டேன். அவள் என்னைவிடத் துணிச்சல்காரி. நேரே சபைக் கமிட்டியிடம் போய், நம்ம மலை, நம்ம பூ, ஒரு மாதமாவது போடுங்கள் என்று கேட்டுவிட்டாள். மாதக் கடைசிக்குள் நல்ல படம் வந்தால் அக்டோபர் பக்கம் அவளுக்கு, இல்லாவிட்டால் ட்யூலிப்தான் என்றார் செயலாளர் தேவசகாயம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மூடுபனி மெல்ல விலக, மலைமகள் தன் பசுந்துகிலை...’

[அடித்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு, மலையடிவாரத்துக்குப் போகிற அமிர்தி ரோட்டில் மூடுபனி ஏது?]

ஒரு ஸ்கூட்டர். முன்னால் கால் வைக்கும் இடத்தில் சீசர், நாட்டு நாய்தான். ஓட்டுவது கணவன் ஆலன். நடுவில் நசுங்கியபடி மகள் பெனிட்டா. பின்னால் ஹெப்சி, மடியில் கூட வேலை பார்க்கும் ஷஹீன் பானு டீச்சர் இரவல் கொடுத்த கேமரா.*

* துபாயிலிருந்து வந்த கேமரா. லென்ஸில் மட்டும் விரல் வைக்காதே என்று சொல்லிக் கொடுத்தாராம். மூன்றாம் வரைவில் இந்த டீச்சருக்கு ஒரு பக்கம் இருந்தது. இடமில்லாமல் எடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

3

ஆலன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. மனைவியைக் கிண்டல் செய்கிற புருஷனாகத்தான் முதலில் எழுதினேன். ஒட்டவில்லை. வாரமெல்லாம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் தூசி தின்றவன், ஞாயிறு ஆராதனையை விடக்கூடாது என்று சனிக்கிழமை லீவு போட்டு, தண்ணீர் கேனைச் சுமந்து, அவள் படமெடுக்க முள்கிளையை ஒதுக்கிப் பிடிக்கிறான். அவனைப் போய்க் கேவலப்படுத்துவேனா?

அடிவாரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஏறினார்கள். தும்பை, ஆவாரம், பெயர் தெரியாத நீலப்பூ. முப்பத்தாறு படம் எடுக்கும் ரோல். பெனிட்டா எண்ணிக்கொண்டே வந்தாள். காற்று ஒத்துழைக்கவில்லை. முப்பத்தைந்து முடிந்தபோதுதான் ஒரு புதரில் செங்காந்தள் கண்ணில் பட்டது. பின்னால் மலை முழுசாக நின்றது. ஹெப்சி மண்டியிட்டாள். காற்று நின்றது. விரல் அழுத்துகிற நேரத்தில் சீசர் வந்து, தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதுபோல், பூவுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது.

[இரண்டாம் வரைவில் பெனிட்டா நாயை இழுத்துவிட்டாள். படம் அழகாக வந்தது. கதை அங்கேயே செத்தது.]

4

கழுவி வந்ததில் முப்பத்தைந்தும் ஆட்டம். ஒன்றே ஒன்று கண்ணாடி போல இருந்தது. ஸ்டூடியோ வாசலில் அதைப் பார்த்த ஹெப்சிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். பெனிட்டா பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

கமிட்டியில் படம் கைமாறியது. பூ பிரமாதம், மலை பிரமாதம் என்றார்கள். தேவசகாயம் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நாய மட்டும் கட் பண்ணிட்டா போட்டுடலாம் டீச்சர். வசனத்துக்குப் பக்கத்துல நாய் உக்காந்திருந்தா சனம் இன்னா சொல்லும்?”

ஹெப்சி சரி என்று சொல்லியிருந்தால் அக்டோபர் அவளுக்கு. நான்கூட, சொல்லித் தொலையேன் என்றுதான் எழுதிப் பார்த்தேன். பேனா நகர்ந்தது, அவள் நகரவில்லை.

“நாய எடுத்துட்டா இது எந்த ஊரு மலைன்னு யாருக்குத் தெரியும், ஐயா? இதையும் வெளிநாடுன்னு நெனச்சுப்பாங்க. அது உக்காந்திருக்கறதாலதான் இது நம்ம மலை. போட்டா முழுசா போடுங்க.”

5

முடிவு அ: கமிட்டி கைதட்டுகிறது. [நம்ப மாட்டீர்கள்.]

முடிவு ஆ: ட்யூலிப். ஹெப்சி அழுதபடி... [அவள் அழ மாட்டாள்.]

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. கமிட்டியில் ஏழு பேர். மூன்று கை நாய்க்கு, மூன்று ட்யூலிப்புக்கு. ஏழாவது ஆள் நீங்கள். ஹெப்சி கெஞ்ச மாட்டாள், படத்தை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறாள். நீங்கள் ட்யூலிப்புக்கும் கை தூக்கலாம், தடையில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூக்க வேண்டும்.