சின்ன வேடக்காரர்

கோணிப்போயிருந்த வாயை நேராக்கிவிடலாம் என்று பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அமிர்தநாதனின் கன்னத்தில் கைவைத்தபோது, புஷ்பமேரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்க்கா. அப்படியே இருக்கட்டும்.”

“சனங்க பாக்க வருவாங்கள்ல, புள்ள.”

“பாக்கட்டும்.”

செல்லக்கனி தாடைக்குக் கட்டும் துணியை எடுத்துக் கொடுத்தாள். காலையில் கட்டங்காப்பி குடித்துத் தம்ளரைக் கீழே வைத்த கையோடு சுவரில் சாய்ந்தவர்தான் அமிர்தநாதன். மகள் புஷ்பமேரி கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போக வந்தபோது கண் திறக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைக் கொழுந்து உலர்த்தும் மாடியில் நின்றபோது அவருக்கு வாதம் அடித்தது. இடக்கால் இழுத்துக்கொண்டது. வாய் கோணியது. பேச்சு போயிற்று. அதன்பின், அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்துக்கு யாராவது வந்தால் புஷ்பமேரி துண்டை எடுத்து அவர் வாயை மறைத்துவிடுவாள். பீர்மேட்டைச் சுற்றியிருந்த எஸ்டேட்டுகளில் அந்த வாயைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. அவர்கள் வந்து நின்று ‘ச்சொ’ கொட்டுவதை அவளால் தாங்க முடியாது.

அமிர்தநாதன் ஒருநாளும் கதாநாயகனாக நடித்ததில்லை. பாலக்காட்டு நாடகக் கம்பெனி ஒன்றோடு சித்தூர், கொல்லங்கோடு, கஞ்சிக்கோடு என்று பதினோரு வருஷம் சுற்றினார். தபால்காரர், கல்யாணத் தரகர், தூங்கி விழும் போலீஸ்காரர், காது கேட்காத மாமியார் என்று எல்லாம் சின்ன வேடங்கள். நோட்டீஸில் அவர் பெயர் கடைசி வரியில் இருக்கும். ஆனால் ராஜா வந்து வசனம் பேசிக்கொண்டிருக்கையில், மூலையில் விசிறி வீசுகிறவரைத்தான் சனம் பார்த்துக்கொண்டிருக்குமாம். மனைவி இறந்ததும், ஒன்பது வயது மகளுக்காகக் கம்பெனியை விட்டு மலையேறி வந்தார். அதற்குப் பிறகு திருவிழா நாடகங்கள் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் புஷ்பமேரியைக் ‘கோமாளி மவ’ என்றார்கள். அதனால் அப்பா நடித்த எதையும் அவள் போய்ப் பார்த்ததில்லை.

போன மாதம் எஸ்டேட் நாடகக் குழுவை நடத்தும் சங்கையா வந்து, செபஸ்தியார் திருவிழாவுக்கு ஒரு வேடம் இருக்கிறது, வசனமே கிடையாது, தாலுகா ஆபீஸ் பியூன் என்றார். புஷ்பமேரிக்குக் கோபம் வந்துவிட்டது. நொண்டியை மேடையில் நிறுத்தி வேடிக்கை காட்டவா என்று கேட்டாள். அமிர்தநாதன் சுவரைப் பிடித்து எழுந்தார். காலை இழுத்து இழுத்து வாசல்வரை போனார், திரும்பினார், வந்து உட்கார்ந்தார். பிறகு சங்கையாவைப் பார்த்தார். அந்தப் பார்வை, எப்படி இருந்தது என்று கேட்டது. மகள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திருவிழாவன்று சாயங்காலம் அவள் கோயில் மைதானத்துக்குப் போனாள். நாடகம் பார்க்க அல்ல. யாராவது ‘ச்சொ’ என்றால் மேடையேறி அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று முன்வரிசை ஓரத்தில் நின்றாள்.

தாசில்தார் மணியடித்தார். பியூன் வந்தார். மேடையின் ஒரு கோடியிலிருந்து மேசைக்கு அந்தக் காலோடு வந்து சேர்வதற்குள், எதற்குக் கூப்பிட்டோம் என்பது தாசில்தாருக்கு மறந்துவிட்டது. போகச் சொன்னார். பியூன் அத்தனை தூரமும் திரும்பி நடந்து கதவைத் தொட்டார். மறுபடியும் மணி. மூன்றாவது முறை கதவருகே போனவர் வெளியே போகவில்லை. சும்மா நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம். பிறகு மணி அடிப்பதற்கு முன்னாலேயே திரும்பினார். அந்தக் கணத்தில் மணி அடித்தது.

மைதானம் அதிர்ந்தது. சிரிப்பு அவர் காலைப் பார்த்து வரவில்லை. மணியடித்தவரைப் பார்த்து வந்தது. பியூன் கோணல் வாயோடு சனத்தை ஒருமுறை பார்த்தார், ‘நீங்களே பாருங்க’ என்பதுபோல. புஷ்பமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அது நடந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

பதினொரு மணிக்குள் லயத்து வாசல் நிறைந்துவிட்டது. ஏலப்பாறைப் பக்கத்திலிருந்தும் ஜீப்பில் ஆட்கள் வந்திருந்தார்கள். சங்கையா பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களுக்கு மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்துக்காரரான கிரெய்க் துரை மானேஜராக இருந்த காலத்தில், அவர் முன்னாலேயே அமிர்தநாதன் அவரைப்போல நடித்த கதை. துரை காலையில் ஆள் எண்ண வருவதையும், ‘நீ நேத்து எங்கே போச்சு?’ என்று அதட்டுவதையும் சொல்லி வரும்போது ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் புஷ்பமேரி பக்கம் திரும்பினார்கள். சங்கையாவும் நிறுத்திவிட்டார்.

புஷ்பமேரி அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

“மறுநாள் ஆபீஸ்ல நடந்ததச் சொல்லலியே மாமா.”

சங்கையா தொண்டையைச் செருமினார். “மறுநாள் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்துச்சு. சீட்டுக் கிழிஞ்சதுன்னுதான் நெனச்சோம். நான் சன்னலுக்கு வெளிய நிக்கேன். தொர கதவச் சாத்திட்டு, ‘நான் அப்பிடியா நடக்குது?’ன்னு கேட்டுட்டு மேசையிலேருந்து சன்னல்வரைக்கும் நடந்து காட்டுதாரு. இவன் என்ன சொல்லணும்? மன்னிச்சுருங்கன்னு கால்ல விழணும்ல? கையக் கெட்டிக்கிட்டு நல்லாப் பாத்துட்டு, ‘இல்லீங்க தொர, எடது தோளு இன்னும் கொஞ்சம் எறங்கணும்’ங்கான்.”

“தொர எறக்குனாரா?” என்று புஷ்பமேரி கேட்டாள்.

“எறக்குனாரு. மூணு தடவ நடந்தாரு. மூணாவது தடவதான் சரின்னான்.”

வாசல் முழுக்கச் சிரித்தது. சவப்பெட்டியைத் தூக்க வந்த நான்கு பேரும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, சங்கையா அடுத்ததை ஆரம்பிப்பதற்காகப் படியோரம் நின்றார்கள்.