குடும்பத்தோடு போகலாம்

"சீனச் சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்னு எழுதுங்க. காரில் வந்து இறங்குறவங்க போற இடத்துலேருந்து, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க அவசரமாச் சாப்பிடுற இடம் வரைக்கும். முழுப் பக்கம்" என்றார் ஆசிரியர்.

பத்திரிகையில் சாப்பாட்டுப் பக்கம் எழுதும் அவள் சரியென்று தலையாட்டினாள். கணவன் வேறொருத்தியோடு குடிபோனதிலிருந்து எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். நாக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. இஞ்சி கூடிவிட்டது, எண்ணெய் காறுகிறது என்று குமாஸ்தாவைப்போல் குறித்துக் கொடுத்தது. அதைத் தாண்டி உள்ளே எதுவும் போகவில்லை.

கூட வந்தது நாத்தனார், கணவனின் தங்கை. பல் டாக்டரிடம் நர்ஸ். "அண்ணன் போயிட்டா அண்ணி இல்லேன்னு ஆயிடுமா?" என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வந்து நிற்பவள்.

முதலில் பெரிய ஹோட்டலின் உச்சி மாடிக்குப் போனார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று வாத்தைத் தாள்தாளாக அரிந்தார்.

"எங்க டாக்டர்கூட இவ்வளவு பொறுமையாப் பல்லைப் பிடுங்க மாட்டார் அண்ணி" என்று நாத்தனார் காதைக் கடித்தாள்.

சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. தோல் மொறுமொறுப்பு, சுற்றிச் சாப்பிடும் ரொட்டி கொஞ்சம் வறட்சி என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்தது கடைத்தெருவில் மாடிப்படி ஏறிப் போகும் பழைய கடை. கல்யாணமான புதிதில் கணவனோடு ஓரிரு முறை வந்திருக்கிறாள். அதை விட்டுவிட்டு எழுதினால் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

"இங்கேதான் போகணுமா? தெரு முனையில இன்னொண்ணு இருக்கே" என்றாள் நாத்தனார், படியில் காலை வைக்காமலே. தன்மேல் உள்ள கரிசனம் என்று நினைத்துக்கொண்டு அவள் மேலே ஏறினாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த சீன அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து முகம் மலர்ந்தாள். பார்த்தது நாத்தனாரை.

"வாம்மா! போன வாரம் பொறந்தநாளுக்கு வந்தப்ப மீன் தீந்து போச்சுன்னு கோவிச்சுக்கிட்டியே, இன்னிக்கு இருக்கு. அண்ணனும் அண்ணியும் வரலையா?"

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு பேர்தான்" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, ஆவியில் வேகவைத்த முழு மீன் வந்தது. அவள் முள்ளை ஒதுக்கிச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"அண்ணி..."

"திருப்பாதே. மேல்பக்கம் முடியட்டும்."

"கூடப் பொறந்தவன் அண்ணி. கூப்பிட்டான், போனேன். நான் அவளை அப்படிக் கூப்பிடலை, சத்தியமா. இந்தம்மா தானாச் சொல்றாங்க."

"கூப்பிட்டாத்தான் என்ன. முறை அதானே."

குத்திக்காட்டவில்லை, அப்படித்தான் தோன்றியது. வலிக்கும் என்று எதிர்பார்த்து அவள் கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். வலிக்கவில்லை. மீன் பக்குவமாக வெந்திருந்தது.

"எங்க கிளினிக்ல மரத்துப்போக ஊசி போட்டுக்கிட்டவங்க உதட்டைத் தானே கடிச்சுக்கிட்டு, ரத்தம் வர்றதுகூடத் தெரியாம உக்காந்திருப்பாங்க. நீங்க அப்படி இருக்கீங்க. திட்டியாவது தொலைங்களேன்."

"சாப்பிடு. ஆறிடும்."

கடைசியாக, பஸ் நிலையத்தை ஒட்டிய தள்ளுவண்டி. ஒல்லி உடம்புக்காகத் 'தீக்குச்சி' என்று பெயர் வாங்கியவர் இரும்புச் சட்டியில் நூடுல்ஸைத் தூக்கித் தூக்கிப் போட்டார். நாத்தனார் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"காரம் ஜாஸ்தியாம்மா?" என்று பதறினார் தீக்குச்சி.

"சரியாத்தான் இருக்கு அண்ணே" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

அவள் கைக்குட்டையைக் கொடுத்தாள். பிறகு நாத்தனார் மிச்சம் வைத்த தட்டை வாங்கி, அதே முள்கரண்டியால் சாப்பிட்டு முடித்தாள். நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்த மாடிக் கடையை எழுதாதீங்க அண்ணி" என்று கெஞ்சினாள்.

அவள் எழுதினாள். மூன்றில் அதுதான் முதலிடம். 'மீனுக்காகவே படியேறலாம். பெரிய வட்ட மேஜைகள். குடும்பத்தோடு போகலாம்.'

பக்கம் வெளியான அடுத்த சனிக்கிழமை கணவன் ஃபோன் செய்தான். நாத்தனார் பக்கத்தில்தான் இருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கே" என்றான். கொஞ்சம் இழுத்துவிட்டு, "இன்னிக்குப் போனோம். ஒரே கூட்டம், உக்கார இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"முன்னாடியே சொல்லி வச்சுட்டுப் போங்க" என்று வைத்துவிட்டாள்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால், கொஞ்சம் கடுப்பாக இருந்தது. வெகுநாளாகக் காணாத ஒன்று. பாத்திரம் தேய்க்கும்வரை அது போகாமல் இருந்தது.

"அடுத்த வாரம் என்ன பக்கம்?" என்று கேட்டாள் நாத்தனார், ஈரத்தட்டை வாங்கித் துடைத்துக்கொண்டே.

"ஐஸ்கிரீம்."

"நான் வரலாமா அண்ணி?"

"நீ வராம? நடந்தா போறது? வண்டியில பெட்ரோலை நிரப்பிட்டு வா."