சஹனில் நாலாவது கை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வரிசையில் யாரைக் கேட்டாலும், பரக்கத் நிஷா உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசமாட்டாள் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் தங்கை நஜ்வா குளுவாங்கில் தனியாக இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மாப்பிள்ளை காய்ச்சலில் விழுந்து மௌத்தானார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது அப்போதுதான் தெரிந்தது. இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது. என்னிடமும் என் வீட்டுக்காரர் சுப்ஹானிடமும் மட்டும் சொன்னாள்.

அவளோடு கிளினிக்குக்குப் போய் அந்தச் சீன டாக்டரை நான் ஒரு வழி பண்ணிவிட்டேன். ஒரே கிளாஸில் குடித்தால்? துண்டு? கக்கூஸ்? கொசு? நான்கிற்கும் இல்லை, இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். தினம் ஒரு மாத்திரை ஒழுங்காகப் போட்டால் போதும், ரத்தத்தில் தேடினாலும் கிருமி தட்டுப்படாது என்றார். வீட்டுக்கு வந்ததும் சுப்ஹான், அவளுக்கென்று ஒரு கிளாஸைத் தனியாக வைக்கலாமா என்று இழுத்தார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா என்று நான் பிடித்த பிடியில் அவர் அன்று கடையிலேயே சாப்பிட்டுக்கொண்டார். எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது.

எங்களோடேயே வந்து இருந்துவிடு என்று ஆறு மாசமாக நச்சரித்தேன். இந்த வருஷம் வாப்பா மௌத்தான நாளில் ஓதி விருந்து வைக்கிற கத்தத்துக்குப் பெட்டியோடு வந்துவிட்டாள். மாடி அறைக்குப் புதுத் திரை போட்டு வைத்திருந்தேன்.

எங்களில் விருந்து என்றால் சஹன்தான். பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, நடுவில் ஆட்டுக்கறி, சுற்றி நாலு பேர். அதில் தன் பக்கத்தை மட்டும் பார்த்துத் தின்றால் குறையாக நினைப்பார்கள். நல்ல துண்டாகப் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளவேண்டும். நானும் நஜ்வாவும் என் மதினியும் அவள் மகளும் ஒரு சஹனில் உட்கார்ந்தோம்.

நஜ்வா எலும்பிலிருந்து கறியைப் பிய்த்தாள். விரலில் ஒட்டியிருந்த சோற்றோடு அதை என் முன்னால் வைத்தாள். சின்ன வயசிலிருந்தே எனக்குப் பிய்த்துப் போடுகிறவள் அவள்தான்.

என் கை நின்றுவிட்டது.

டாக்டர் சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனாலும் அதை எடுக்கக் கை போகவில்லை. அந்தத் துண்டின்மேல் சோற்றைத் தள்ளி மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு துண்டுக் கறியை மறைக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. நஜ்வா பார்த்துவிட்டாள். கேஸ்ட்ரிக், வயிறு எரிகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு மாடிக்குப் போனேன். நஜ்வா எடுத்து அடுக்கிய துணியைத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால ரயிலுக்குப் போவதாகச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் வழக்கம்போல வாயால் சமாளிக்கப் பார்த்தேன். வயிறு நிறைந்துவிட்டது, அதுதான் ஒதுக்கினேன் என்று ஆரம்பித்தேன்.

"லாத்தா, நீங்க அந்த டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேட்டீங்க. நான் அதுக்கு முன்னாடியே ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டேன். சஹன்ல சேர்ந்து சாப்பிடலாமான்னு" என்றாள்.

டாக்டருக்குச் சஹன் என்றால் என்னவென்று விளங்கவில்லையாம். இவள் ஒரு தாளில் வட்டம் போட்டு, சுற்றி நாலு கை வரைந்து காட்டினாளாம். பக்கத்திலிருந்த மலாய் நர்ஸ்தான், இது எங்கள் நாசி அம்பெங் மாதிரி, ஒரே தாலத்தில் நாலு பேர் தின்பது என்று விளக்கியிருக்கிறாள். அப்புறம் டாக்டர் சிரித்துவிட்டு, தாராளமாகச் சாப்பிடலாம் என்றாராம்.

"எத்தனை வருஷம் இருப்பேன்னுகூட நான் கேக்கல, லாத்தா. உங்ககூட உக்காந்து திங்க முடியுமான்னுதான் கேட்டேன்."

அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பயந்துட்டேன் புள்ள. ஒட்டாதுன்னு தெரியும். தெரிஞ்சும் பயந்துட்டேன்" என்றேன். வெட்கத்தில் அழுகை வந்தது. அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

கீழே போய் ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு மேலே வந்தேன். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, பிய்த்துக் கொடு என்றேன். வேண்டாம் லாத்தா, கட்டாயப்படுத்திக்க வேண்டாம் என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. ரயிலுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவளும் கீழே உட்கார்ந்தாள். ஒரு துண்டைப் பிய்த்து, சோற்றோடு உருட்டி நீட்டினாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்தான். அது நெஞ்சிலேயே இருந்தது. அதோடேயே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

கவளம் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அவள் கை என் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது.

"பார்த்துட்டே தின்னுங்க, லாத்தா" என்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.