கோமளத்தின் இடது செருப்பு

மேடை ஏறிவிட்டால் சுவாமிநாதனுக்கு முட்டிவலி தெரியாது. உயிரியல் பேராசிரியராக ஓய்வு பெற்ற பிறகு, மயிலாப்பூரில் மூத்த குடிமக்கள் கூடும் எந்த மண்டபத்துக்கும் அவர் லேப்டாப்போடு தயார். பேச்சின் தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘செல்லுக்குள் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன்.’ அலமாரியில் புடவைகளைவிட அவருடைய பொன்னாடைகள் அதிகம்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தண்டவாளம் போல நுண்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின்மேல் கைனசின் என்கிற புரதம் இரண்டு காலால் நடந்து மூட்டை சுமக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பங்கு போடுவதும் அதே தண்டவாளங்கள்தான். பங்கில் தகராறு வந்தால் புற்றுநோய், மூட்டை போய்ச் சேராவிட்டால் நரம்புக் கோளாறு. இதைச் சொல்லி முடித்ததும் யாராவது எழுந்து, கைனசின் எந்தக் காயில் அதிகம் என்று கேட்பார்.

அவர் மனைவி கோமளத்துக்கு மார்பில் கட்டி வந்து, வாராவாரம் கீமோ டிரிப் ஏறத் தொடங்கியபோது அவருக்கு ஓர் உதாரணம் கிடைத்தது. அந்த மருந்து தண்டவாளங்களை உறைய வைத்துவிடும். புற்றுச் செல் பிரிய முடியாமல் சாகும். இதை அவர் அத்தனை உற்சாகமாக விளக்கியதில், கோமளத்துக்கு உடம்பு சரியில்லை என்பதே சொந்தக்காரர்கள் சிலருக்குச் சொற்பொழிவில்தான் தெரிந்தது.

அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டர் வர்ஷினி முதல் நாளே சொல்லியிருந்தாள். “கை கால் மரத்துப் போனா உடனே சொல்லணும் ஆன்ட்டி. டோஸைக் குறைச்சுடலாம். முத்த விட்டா உணர்ச்சி திரும்பாமலே போயிடலாம்.”

ஒவ்வொரு டிரிப்புக்கு முன்பும் கேட்கவும் செய்தாள். பதில் சொன்னது சுவாமிநாதன். “ஒண்ணும் இல்லை டாக்டர், நன்னா தாங்கறா.” பரீட்சையில் தேறிய மாணவியைப் பற்றிச் சொல்வது போல் சொல்வார். டாக்டர் அறையில் கணவர் பேசுவது அந்த வீட்டு வழக்கம். கோமளத்தின் பிரசவத்தின்போது வலி எப்படி இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான்.

கோமளமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, கட்டி திரும்பி வந்துவிடுமோ என்ற பயம். வீட்டில் மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

“ஏன்னா, பாதம் கட்டை மாதிரி இருக்கு.”

“இரு, இந்த ஸ்லைடை முடிச்சுட்டு வரேன்.”

டம்ளர் கைநழுவி விழுந்தபோதும் ஸ்லைடு முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டார். கோமளம் தெருமுனை ஆட்டோக்காரன் சேட்டுவின் வண்டியில் வந்து, மெட்ரோ வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியைக் கடந்து, முன்வரிசையில் உட்கார்ந்தாள். பேச்சு உச்சத்தில் இருந்தது.

“உடம்பிலேயே நீளமான நரம்பு இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் போறது. தண்டவாளம் உறைஞ்சா முதல்ல பட்டினி கிடக்கிறது யாரு? கால்.”

பக்கவாட்டுக் கதவு வழியாகச் சேட்டு ஒரு செருப்பைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான்.

“இன்னா மாமி, ஒத்தச் செருப்பு போட்டுகினு எறங்கிப் போயிட்டீங்க. இது வண்டிலயே கீது.”

கோமளம் குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுமையாக இருந்தது.

மேடையிலிருந்து மைக் பேசியது. “செருப்பு கழண்டதுகூடத் தெரியலையா உனக்கு? சபையோர் மன்னிக்கணும், என் சகதர்மிணிக்குக் கொஞ்சம் ஞாபக மறதி.”

சபை சிரித்தது. அடுத்த ஸ்லைடு வந்தது: ஒரு பாதம், அதில் சிவப்புக் கோடாக நரம்பு.

“ரத்தம் வருது மாமி,” என்றான் சேட்டு, குரலைத் தாழ்த்தி. “வலிக்கல?”

“இல்லை.” சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளைப் பயமுறுத்தியது.

“மாமாவ கூப்டட்டா?”

அவள் மேடையைப் பார்த்தாள். பாதத்தின் படத்தைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். “வேண்டாம். அவர் முடிக்கட்டும். நீ அடையாறுக்கு விடு.”

“அங்கிள் வரலையா?” என்று வர்ஷினி கேட்டாள்.

“லெக்சர்ல இருக்கார். இன்னிக்கு நானே சொல்றேன்.” எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திணறினாள். பிறகு பாதம், விரல் நுனி, டம்ளர், புடவைக்கு ஊக்கு குத்த முடியாதது எல்லாம் வந்தன.

வர்ஷினி காயத்துக்குக் கட்டுப் போட்டாள். “கண்ணை மூடிக்கோங்க. பஞ்சால தொடுவேன், எங்கன்னு சொல்லணும்.”

கோமளம் கண்ணை மூடிக் காத்திருந்தாள். ஏசி சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “ஆரம்பிச்சாச்சா?” என்றாள்.

வர்ஷினி அவள் கட்டைவிரலிலிருந்து கையை எடுத்தாள். பஞ்சைக் கீழே வைத்தாள். “இந்த மருந்தை இன்னியோட நிறுத்திடலாம். வேற மருந்து இருக்கு, பயப்படாதீங்க. உணர்ச்சி மெதுவா வரும் ஆன்ட்டி. முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது.”

சுவாமிநாதன் புதுப் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தார். “எங்கே போனே? கடைசி ஸ்லைடுக்குத்தான் கைதட்டலே.”

அவள் சொன்னாள். கட்டுப் போட்ட காலை அவர் நின்றபடியே பார்த்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னேன். நீங்க டைப் பண்ணிண்டிருந்தேள்.”

அவர் கையிலிருந்த பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல், பிரித்து அவள் கால்மேல் போர்த்தினார்.

ஜரிகை வைத்த கனமான சால்வை. அது காலில் வந்து விழுந்ததைக் கோமளம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.