அன்னக்கிளி கழுவிய படம்

சங்கரன்கோவிலில் அன்னக்கிளியும் பொன்செல்வியும் பெரிய கேமராவில் கருப்பு வெள்ளைப் படம் எடுக்கிற சிநேகிதிகள், மக்கா. ஒரு ஃபிலிம் தாளுக்கு ஒரே படம். ஃபிலிம் கழுவுகிற மருந்தில் அது கூடுதல் நேரம் கிடந்தால் படத்தில் வெளுப்பு ஏறும், நேரத்தைக் குறைத்தால் அடங்கும். ஒருத்தி எடுத்தால் மற்றவள்தான் கழுவுவாள்; அது அவர்கள் வழக்கம்.

தென்காசிக் கண்காட்சிக்கு இருவரில் ஒருத்தி படம்தான் போகும். ஊர் பொன்செல்வியைப் புகழப் புகழ அன்னக்கிளிக்கு வயிறு எரிந்தது.

தறிக்கூடத்தைப் படமெடுக்கக் கிளம்பும்போது பொன்செல்வி சொன்னாள்: "ஏட்டி, சன்னல்ல வெயில் கொளுத்தும். மருந்துல இருந்து சீக்கிரம் எடுத்துரு. இல்லன்னா சன்னல் பூரா வெள்ளையாப் போயிரும்."

போகட்டுமே என்று, பொன்செல்வி எடுத்துவந்து கொடுத்த ஃபிலிமை அன்னக்கிளி வேண்டுமென்றே மருந்தில் கூடுதல் நேரம் ஊறவிட்டாள்.

ஆனால், கண்ணுகளா, படம் பளிச்சென்று வந்து நின்றது. நூல் தனி, நெசவாளி முகம் தனி, சன்னல் தனி.

பொன்செல்வி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எடுக்கும்போது மேகம் மூடிட்டுட்டி! ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். சீக்கிரம் எடுத்திருந்தா சாம்பலால்லா கெடந்திருக்கும்! எப்படிட்டி கண்டுபிடிச்ச? ரெண்டு பேரு பேரையும் போடுவோம்."

"ஒம் பேர மட்டும் போடு," என்றாள் அன்னக்கிளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அதையும் பாசம் என்று நினைத்து, பொன்செல்வி இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.