லீவு கிடைத்த தம்பி

மெல்போர்னிலிருந்து தொண்டு செய்ய வந்த குடும்பம் என்று விமான நிலையத்தில் பெயர் அட்டை பிடித்து வரவேற்றார்கள். அந்தக் குடும்பத்தின் தலைவர் முகுந்தன் இதே மலேசியாவில், கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் பிறந்து பத்தொன்பது வயதுவரை அங்கேயே வளர்ந்தவர் என்பது அட்டை பிடித்தவருக்குத் தெரியாது. முகுந்தனும் சொல்லவில்லை. சொன்னால், "அப்போ சொந்தக்காரங்க எல்லாம் இங்கதான் இருப்பாங்களே?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் அந்தப் பெரிய மனுஷன் வாயை இறுக மூடிக்கொண்டு வேனில் ஏறினான். ஆமாம், 'ஏறினான்'தான். இதற்குமேல் மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பயணம் மகள் தாமரைக்காக. பதினான்கு வயது. வளரும் நாடு ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய்த் தொண்டு செய்துவிட்டு வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு திட்டம். பட்டியலில் நேப்பாளம் இருந்தது, கம்போடியா இருந்தது. "மலேசியான்னா வேளாவேளைக்கு ரசம் சோறாவது கிடைக்கும்" என்று மனைவி விஷ்ணுப்ரியா முடிவு செய்துவிட்டாள். கோயம்புத்தூர்க்காரி, அவளுக்கு அது வெளிநாடு. முகுந்தனுடைய கம்பெனியும் தாராளமாக, தொண்டுக்கென்று பத்து நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தது.

இதே கம்பெனியில்தான் போன வருஷம் விடுமுறை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னான். உண்மையில் கேட்கவே இல்லை. முக்கியமான வேலை நடந்துகொண்டிருந்த நேரம், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று இருந்துவிட்டான். அக்கா தங்கமணியின் புருஷன், லோரி ஓட்டிக்கொண்டிருந்த அத்தான், ஒரே நாளில் படுத்துச் செத்துப்போயிருந்தார். கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட வேண்டியவனும் இவன் ஒருவன்தான். மெல்போர்னில் சாப்பாட்டு மேசை மேல் போனைச் சாய்த்துவைத்துச் சடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோடியை யாரோ எதிர்வீட்டு அம்மா கொண்டுவந்து அக்கா மேல் போர்த்தினார். அந்த இடத்தில் படம் தடைபட்டு நின்றது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

"தங்கமணி அண்ணிக்கு ஒரு போன் பண்ணுங்க. ஊருக்கு வந்துட்டுச் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கு?" என்று விஷ்ணுப்ரியா வேனிலேயே ஆரம்பித்தாள்.

"கடைசி நாள் நேராப் போய் நின்னு சர்ப்ரைஸ் கொடுக்கலாம்" என்றான். பத்து நாள் இங்கேதான் இருந்தோம் என்று அக்காவுக்குத் தெரியாதபடி, அன்று காலையில்தான் வந்து இறங்கியதுபோல் போய் நிற்பது. திட்டம் அதுதான்.

தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி ஹோட்டலில் பெட்டிகளை வைத்ததும் ஆளுக்கொரு ஆரஞ்சு டீசர்ட் கொடுத்தார்கள். மார்பில் 'கை கொடுப்போம்' என்று மூன்று மொழிகளில் கொட்டை எழுத்து. கழுத்தில் மாட்ட, அப்பா பெயரும் ஊரும் சேர்த்து எழுதிய பெயர் அட்டை. வந்த அன்றே சின்னதாக ஒரு வேலை, கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு மளிகைச் சாமான் கொடுப்பது என்று சொன்னார்கள். கிள்ளான் என்ன சின்ன ஊரா, எங்கேயாவது ஒரு மூலையாக இருக்கும் என்று தைரியமாகக் கிளம்பினான்.

வேன் பண்டமாரானுக்குள் திரும்பியபோது அவன் ஜன்னலைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். விஷ்ணுப்ரியாவை வேறு ஆட்களோடு முதல் புளோக்கில் இறக்கிவிட்டார்கள். இரண்டாவது புளோக் வாசலில் ஒருங்கிணைப்பாளர் சதீஷ்குமார் பட்டியலைப் பிரித்தான். தஞ்சாவூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து மூன்று வருஷமான பையன், நல்ல சுறுசுறுப்பு.

"நமக்கு நாலாவது மாடி சார். நாலு பதினொண்ணு, தங்கமணி. வீட்டுக்காரர் இல்ல, தனியா இருக்காங்க. கால்ல ஆபரேஷன் பண்ணி வேலைக்குப் போக முடியல. பத்து கிலோ அரிசி, எண்ணெய், மாவு. வாசல்ல நின்னு ஒரு போட்டோ கட்டாயம் எடுக்கணும் சார்."

நாலு பதினொன்று. ஒவ்வொரு தீபாவளிக்கும் வாழ்த்து அட்டையில் முகுந்தன் தன் கையால் எழுதும் எண். ஆபரேஷனா? எப்போது? ஞாயிறு தவறாமல் போன் பேசுகிறானே. "எனக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கேன் லா" என்று அந்த ஊர் 'லா'வோடு அக்கா சொல்வாள். இவனும் சரி என்று நம்பிவிடுவான். நம்புவதுதானே வசதி.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் போட்டோ எடுப்பதா? வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"திடீர்னு வயித்து வலி சதீஷ். நான் வேன்லயே இருக்கேன். தாமரை வரட்டும்."

பெற்ற பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு ஒளிந்துகொண்டான், ச்சீ! லிப்ட் கெட்டுப்போயிருந்தது. சதீஷ் மூட்டையைத் தோளில் வைத்துக்கொள்ள, எண்ணெய் பாக்கெட்டுகளோடு தாமரை படியேறிப் போனாள். மேலேயிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று முகுந்தன் சீட்டில் சரிந்து தலையைத் தாழ்த்திக்கொண்டான். தாமரைக்கு அத்தையை அடையாளம் தெரியாது. சின்ன வயதில் போனில் இரண்டு முறை பார்த்திருப்பாள், அவ்வளவுதான். அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள். சதீஷ் அடுத்த வீட்டுச் சாமானை எடுக்கப் பின்பக்கம் போனான். தாமரை கையில் ஒரு சின்னத் துணிப்பை.

"அப்பா, அந்த ஆன்டி என் நேம் டேக்கைப் படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. போட்டோல என்னை விடவே இல்ல. அந்தப் போட்டோவை போனுக்கு அனுப்பச் சொல்லி சதீஷ் அங்கிள்கிட்ட கேட்டாங்க. இதைப் பாருங்க."

பையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு.

"வேணாம்னு சொன்னேன். கேக்கல. நான் பெரிய பொண்ணானப்ப வந்து போட்டுவிடணும்னு வாங்கி வச்சதாம். முதல் தடவை வீட்டுக்கு வர்ற பொண்ணை வெறுங்கையோட அனுப்பக்கூடாதாம். அப்பா எங்கேன்னு கேட்டாங்க. கீழ வேன்லன்னு சொன்னேன்."

முகுந்தன் சீட்டிலிருந்து நிமிர்ந்தான். "என்ன சொன்னாங்க?"

"லிப்ட் கெட்டுப்போச்சு, முட்டி வலியோட நாலு மாடி ஏற வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுன்னாங்க." தாமரை அவனையே பார்த்தாள். "உங்க முட்டி வலி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும். ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த முட்டி அது. சைக்கிளை மிதித்தவள் அக்கா. அவன் ஏறி வராமலிருக்க அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"உன் அத்தைம்மா அது" என்றான். தாமரையின் முகம் மாறியதைப் பார்க்கத் தெம்பில்லாமல் வேனைவிட்டு இறங்கிப் படியேறினான்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது மேலே பேச்சுக்குரல் கேட்டது.

"யாரு பெத்த பிள்ளையோ, கட்டிக்கிட்டு அப்படி அழுவுற?"

"ஒண்ணுமில்ல இராஜம்மாக்கா. பாத்ததும் என் தம்பி மக ஞாபகம் வந்துடுச்சு."

"எந்தத் தம்பி? கோடி போடக்கூட வராத அந்தத் துரையா? அன்னிக்கு நான் ஓடிப்போய் எடுத்தாரலைன்னா என்ன ஆயிருக்கும்?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவனுக்கு லீவு கெடைக்காது. கெடைச்சா ஓடியாந்துருவான் லா."

முகுந்தன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. குனிந்து தன் மார்பைப் பார்த்தான். கை கொடுப்போம். டீசர்ட்டைக் கழற்றினான். இரண்டாவது மாடியில் யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டு, அவசர அவசரமாக உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டு மிச்சப் படிகளையும் ஏறினான்.

அக்கா வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். எதிர்வாசலில் இராஜம்மா. காலையில் போட்ட மருதாணிபோல் அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், சட்டையின் வெளியே தெரிந்த தையலைப் பார்த்தாள். அவன் கழற்ற மறந்திருந்த பெயர் அட்டையை, தலை துவட்டிவிடுகிறவள்போல் இயல்பாக அவன் கழுத்திலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

பிறகு எதிர்வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"சொன்னேன்ல அக்கா, லீவு கெடைச்சா ஓடியாந்துருவான்னு."